அரண்மனையில் கூடிய நீதிமன்றம்

(ஸ்ரீவில்லிபுத்தூரில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வெளியூர்க்காரர்கள் இந்த ஊருக்கு ஆண்டாளைச் சேவிக்க வருவார்கள். திரும்பும்போது பால்கோவா வாங்கிப்போவார்கள். இன்னொரு கூட்டமும் தினந்தோறும் இங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிறது. கையில் மஞ்சள் பை. பைக்குள் பத்திர நகல், பட்டா, பழைய கிஸ்தி ரசீது. அவர்களுக்கு இன்று வாய்தா. விருதுநகர் மாவட்டத்தின் தலைநகரம் விருதுநகர்; ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. முதன்மை மாவட்ட நீதிமன்றம் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. நம் ஊர் கோயில் ஊர் என்பது உலகுக்குத் தெரியும். அது ஒரு கோர்ட்டு ஊர் என்பதை நாமே போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களில் சிலர் திருமலை நாயக்கர் மகாலையும் எட்டிப் பார்க்கிறார்கள். அரசர் வந்து தங்கிய இடம் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அதே மகால் நீண்ட காலம் கோர்ட்டாக இருந்ததை மூத்த வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் அறிவார்கள். இன்று அது தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச் சின்னம்.

இந்தச் சொற்பொழிவில் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். நாயக்கர் காலம் எப்படி அந்த மகாலின் வரலாறோ, அப்படியே கோர்ட்டுக் காலமும் அதன் வரலாறு. முதலாவதைக் காப்பதற்காக இரண்டாவதை இடையில் வந்த அழுக்காகக் கருதித் துடைத்துவிடக் கூடாது.

இரண்டு மகால்கள்

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். மதுரையில் அவர் கட்டிய அரண்மனை 1636ஐச் சேர்ந்தது. சொர்க்க விலாசம், ரங்க விலாசம் என்று விரிந்திருந்த அந்த வளாகத்தில் இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் மகால் அதனினும் சிறியது. ஆனால் அதே கட்டடக் குடும்பத்தைச் சேர்ந்தது. செங்கல், சுண்ணாம்பு, பருத்த தூண், தூணுக்குத் தூண் தாவும் வளைவு, மேலே சுதை வேலை. ஆண்டாளுக்கு உச்சிக்காலப் பூசை முடிந்த செய்தி வழிநெடுக இருந்த மண்டபங்களின் மணியோசை வழியாக மதுரையை எட்டிய பிறகுதான் நாயக்கர் உணவு கொள்வார் என்று ஒரு செவிவழிச் செய்தி இந்த வட்டாரம் முழுதும் உண்டு. மதுரைக்கும் இந்த ஊருக்கும் அரசர் வழியாக இருந்த நெருக்கத்தை மக்கள் எப்படி நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அந்தக் கதையே சான்று.

கட்டடத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ஆண்டாள் கோயில் மண்டபத்தில் நிற்கும்போது தூண்கள் ஏன் இத்தனை நெருக்கமாக இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். கல் பாரத்தைத் தாங்கும், வளைதலைத் தாங்காது. இரண்டு தூண்களுக்குமேல் கிடத்திய கல் உத்திரம் நீளமானால் நடுவில் விரிசல் விடும். அதனால் கோயில் மண்டபம் தூண்களின் தோப்பாக வளர்ந்தது. நாயக்கர் மகாலில் உத்திரத்தின் வேலையை வளைவு செய்கிறது. ஆப்பு வடிவில் அடுக்கிய செங்கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, மேலே இருக்கும் பாரத்தை இரு பக்கத் தூண்களுக்கும் தள்ளிவிடுகின்றன. தூணுக்கும் தூணுக்கும் இடையே அகன்ற வெளி கிடைக்கிறது. இந்து, இஸ்லாமியக் கட்டட மரபுகள் கைகோத்த இடம் என்று மதுரை மகாலைச் சொல்வார்கள். அந்தக் கைகோப்பின் பயன் இந்த வெளிதான். அரசர் கொலுவிருக்கும்போது கடைசி வரிசையில் நிற்பவனும் அவரைப் பார்க்க முடிய வேண்டும். மண்டபம் அதற்காகவே எழுந்தது.

பார்ப்பதற்காகக் கட்டிய இந்த இடம்தான் பிற்காலத்தில் நீதிமன்றத்துக்கும் பொருந்திற்று.

கம்பெனியார் தந்த கோர்ட்டு

1801இல் கர்நாடகப் பகுதியின் ஆட்சி ஆற்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே, வங்காளத்தில் காரன்வாலிஸ் ஏற்படுத்திய முறையை ஒட்டிச் சென்னை மாகாணத்திலும் ஜில்லா கோர்ட்டுகளுக்கான ஒழுங்குவிதிகள் வந்தன. ஜில்லாவுக்கு ஒரு கோர்ட்டு என்றால் குடியானவன் எத்தனை நாள் நடப்பான்? தாமஸ் மன்றோ இந்தக் கேள்வியை எழுப்பினார். அவர் தலைமையில் அமைந்த குழுவின் பயனாக 1816இல் கிராம முன்சீப்பும் ஜில்லா முன்சீப்பும் உருவானார்கள். சிறு வழக்குக்குக் கிராமத்திலேயே தீர்வு, அடுத்த நிலைக்குப் பக்கத்து ஊர் முன்சீப் கோர்ட்டு. கிராம முன்சீப் என்ற பதவி பின்னாளில் நீதி அதிகாரம் தேய்ந்து வருவாய்த்துறைப் பதவியாக நின்று, 1980இல் பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிந்தபோது முடிவுக்கு வந்தது. ஜில்லா முன்சீப் மட்டும் இன்றுவரை நம்மோடு இருக்கிறார். 1873ஆம் ஆண்டின் உரிமையியல் நீதிமன்றச் சட்டம் மாவட்ட நீதிபதி, சார்பு நீதிபதி, முன்சீப் என்று வகுத்த படிநிலையே இன்றும் நம் கோர்ட்டுகளின் எலும்புக்கூடு.

சட்டப் புத்தகத்தில் கோர்ட்டு பிறந்துவிட்டது. அது உட்கார ஓர் இடம் வேண்டுமே? புதிய அரசு பல ஊர்களில் பழைய அரசர்களின் கட்டடங்களையே எடுத்துக்கொண்டது. சென்னையில் நவாபின் சேப்பாக்கம் அரண்மனை அரசு அலுவலகமாயிற்று. மதுரையில், 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு, சிதைந்து கிடந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிட ஏற்பாடு செய்தார். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசோம் அந்தப் பணியில் ஈடுபட்டார். செப்பனிட்ட மகாலில் மாவட்ட நீதிமன்றம் இயங்கியது. 1970 வரை அங்கேயே இயங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூர் மகாலும் அதே வழியில்தான் போயிற்று.

நிர்வாக எல்லைகள் இதற்கிடையே மாறிக்கொண்டே இருந்தன. 1910 வரை ஸ்ரீவில்லிபுத்தூர் திருநெல்வேலி மாவட்டம். 1908 ஜூலை 7 அன்று கூடுதல் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்குக் கொடுந்தண்டனை விதித்தது இந்த ஊர் சேர்ந்திருந்த அதே மாவட்டத்தின் நீதிமன்றத்தில்தான். 1910இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூரோடு ஸ்ரீவில்லிபுத்தூரும் அதில் சேர்ந்தது. 1985இல் அது மூன்றாகப் பிரிந்தபோது நாம் காமராசர் மாவட்டத்துக்கு வந்தோம். பிறகு அதற்கு விருதுநகர் மாவட்டம் என்று பெயராயிற்று. 2004இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறந்தபின், மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு ரயிலேறும் அலைச்சலும் குறைந்தது. மாவட்டத்தின் பெயர் எதுவானாலும் தாவா போட வேண்டியவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் வந்தார்.

சுவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு

நீதிமன்றக் கட்டடம் மற்ற அரசு அலுவலகங்களைப் போன்றதன்று. அந்தக் கட்டடமே சட்டத்தின் ஒரு பகுதி. சட்ட மாணவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலத்தை ஜப்தி செய்தால் அந்த இடத்திலோ அருகிலோ தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டும். உத்தரவின் நகலை நிலத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். பிறகு கோர்ட்டுக் கட்டடத்தில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். பிரதிவாதி சம்மனுக்குப் பிடிகொடுக்காமல் ஒளிந்து திரிந்தாலும் இதே கதைதான்: அவர் கடைசியாகக் குடியிருந்த வீட்டில் ஒரு நகல், கோர்ட்டுக் கட்டடத்தில் ஒரு நகல். ஒட்டியாகிவிட்டால் அவருக்குத் தெரிவித்ததாகவே கணக்கு. கோந்து காய்ந்து, காகிதம் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப்போன அந்தச் சுவரை நாம் அலட்சியமாகக் கடந்து போகிறோம். ஒருவருடைய வீடு ஏலத்துக்கு வருகிறது என்பதை ஊருக்குச் சொல்லும் சட்டபூர்வமான வாய் அது.

அடுத்தது கதவு. குற்றவியல் விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்க வேண்டும், இடம் கொள்ளும் அளவுக்குப் பொதுமக்களை அனுமதிக்க வேண்டும் என்பது 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. அதற்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. இடம் கொள்ளும் அளவுக்கு என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். எத்தனை குடிமக்கள் நீதியைக் கண்ணால் பார்க்கலாம் என்பதை மண்டபத்தின் நீள அகலம் தீர்மானிக்கிறது. நெருக்கடியான அறையில் வழக்கு நடந்தால் சட்டம் மீறப்படவில்லை. ஆனால் பார்க்கும் கண்கள் குறைந்துவிடுகின்றன. அரசரை எல்லாரும் காண வேண்டும் என்று எழுப்பிய கொலு மண்டபத்தில் கோர்ட்டு கூடியபோது, அந்த அகன்ற வெளி குடிமக்களின் உடைமையாயிற்று. அரசர் தம் பெருமையைக் காட்டக் கட்டிய இடத்தில், தோட்டத்துப் பங்கில் தம்பி ஏமாற்றிவிட்டான் என்று அண்ணன் வந்து நின்றான். சீதனத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு பெண் நின்றாள். அந்த மண்டபம் அடைந்த உயர்வுகளில் இதைவிடப் பெரியதாக நான் எதையும் கருதவில்லை.

மூன்றாவது, வராந்தா. பழைய கோர்ட்டுக் கட்டடங்களில் நீதிபதியின் மேடைக்கும் சாட்சிக் கூண்டுக்கும் அளவு வகுத்தவர்கள் வராந்தாவையும் மறக்கவில்லை. வெயிலும் சாரலும் உள்ளே புகாமல் காப்பது அதன் ஒரு வேலை. மக்களுக்கு இடம் தருவது இன்னொரு வேலை. கட்சிக்காரர் கோர்ட்டில் கழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி வராந்தாவில்தான் போகிறது. டவாலி வாசலில் நின்று பெயரை மூன்று முறை கூப்பிடுவார். அந்த நேரத்தில் டீக்கடையில் இருந்துவிட்டால் தாவா எக்ஸ்பார்ட்டி ஆகிவிடும் என்ற பயத்தில் மத்தியானம் வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பவர்கள் உண்டு. குமாஸ்தா அங்கேதான் கையெழுத்து வாங்குவார். எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரே தூணின் இரண்டு பக்கங்களில் சாய்ந்து நிற்பார்கள். சில வழக்குகள் மேடைக்கு முன் போகுமுன் அந்தத் தூணடியிலேயே சமாதானம் ஆகியிருக்கின்றன.

மொழியும் இங்கே வந்து சேர்கிறது. உள்ளே நடந்த வாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. யாருடைய நிலமோ அவருக்கு அது விளங்கவில்லை. இந்த அநீதியை முதலில் ஓங்கிச் சொன்னவர்களில் ஒருவர் கோர்ட்டுக்குள் இருந்தவரே. மாயூரம் வேதநாயகம் பிள்ளை தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தவர். உயர்ந்த நீதிமன்றத்தின் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் தந்தவர். 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவலிலும் தமிழ் நாட்டுக் கோர்ட்டுகளில் தமிழ் வழங்க வேண்டும் என்று வாதாடினார். பூட்டிய கதவைப் போலவே புரியாத மொழியும் மக்களை வெளியே நிறுத்தும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மலையிலிருந்து வந்த வழக்குகள்

இந்தக் கோர்ட்டுக்கு வந்த வழக்குகளின் இயல்பை அறிய வேண்டுமானால் மேற்கே பார்க்க வேண்டும். செண்பகத்தோப்பு மலையடிவாரத்தில் நின்றால் இந்த வட்டாரத்தின் பொருளாதாரம் முழுதும் கண்முன் விரியும். மலையில் மழை, ஓடையில் வெள்ளம், ஓடையிலிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து மடை, மடையிலிருந்து வயல். இந்த வரிசையில் எந்தக் கண்ணியில் தகராறு வந்தாலும் அது கடைசியில் கோர்ட்டுப் படி ஏறிற்று. மேல்மடைக்காரர் தண்ணீரை மறித்தார், வாய்க்கால் கரையை ஒருவர் வெட்டினார், வண்டிப்பாதையில் வேலி போட்டார், மாமரத்தோப்பின் எல்லைக் கல்லை நகர்த்தினார்: கிராமத்து உரிமையியல் வழக்குகள் பெரும்பாலும் இவைதான்.

1882ஆம் ஆண்டு இந்த வகையில் குறிப்பிடத்தக்கது. அந்த ஓராண்டில் மூன்று சட்டங்கள் வந்தன. வழிப்பாதைக்கும் நீர்ப்பாய்ச்சலுக்கும் மற்றவர் நிலத்தின் மீது உள்ள உரிமையை வகுத்த ஈஸ்மெண்ட் சட்டம் ஒன்று. விற்பனை, அடமானம், குத்தகை ஆகியவற்றை வகுத்த சொத்து மாற்றச் சட்டம் ஒன்று. மூன்றாவது சென்னை வனச் சட்டம். முதல் இரண்டும் வயலையும் வீட்டையும் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தன. மூன்றாவது மலையைக் கொண்டுவந்தது. அரசு ஒரு காட்டை ஒதுக்குக்காடாக்க விரும்பினால் அறிவிப்பு வெளியிடும். அந்தக் காட்டில் யாருக்கு என்ன உரிமை என்று வன நிர்ணய அதிகாரி விசாரிப்பார். குறித்த காலத்துக்குள் வந்து கோராதவரின் உரிமை அற்றுப்போகும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர், கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாதவர், தலைமுறை தலைமுறையாகத் தேனும் கிழங்கும் எடுத்தவர் அந்த அறிவிப்பை எங்கே படிப்பார்? செண்பகத்தோப்பில் இன்றும் பளியர் குடியிருப்பு இருக்கிறது. 1988இல் இந்த மலை சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. காட்டைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நம் கண்மாய்களின் தண்ணீர் அந்தக் காட்டின் கொடை. அதே நேரத்தில் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஓர் அடிப்படை மாற்றத்தைச் செய்தது: உரிமைக் கோரிக்கையை முதலில் விசாரிக்கும் இடம் கிராம சபை. குடியிருப்புக்கு அருகில் நீதி வர வேண்டும் என்று 1816இல் எழுந்த எண்ணம், ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு மலையடிவாரத்தை எட்டியது. ஒரு கோர்ட்டின் வரலாற்றை எழுதுகிறவர் படியேறி வந்தவர்களோடு, படியேற முடியாமல் போனவர்களையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

சுண்ணாம்பு கேட்கும் பொறுமை

மகாலைக் காப்பது என்று பேசும்போது கொத்தனாரின் வேலையைப் பேசாமல் விட முடியாது. அந்தக் காலத்துச் சாந்து எப்படி உருவாயிற்று என்று பாருங்கள். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீர் விட்டு நீற்றி, நாள்கணக்கில் புளிக்க வைப்பார்கள். மணல் கூட்டி, மாடு பூட்டிய கல் செக்கில் அரைப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் பனைவெல்லக் கரைசலும் அதில் சேரும். கடுக்காய் மலைச்சரிவில் விளைவது. பனை சமவெளியில் நிற்பது. மலையும் சமவெளியும் கலந்ததே அந்தச் சாந்து. கடைசிப் பூச்சுக்குச் சலித்தெடுத்த வெண்சுண்ணாம்பும் முட்டை வெண்கருவும். பூசியது உலர்வதற்குள் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்துக்கொண்டே இருந்தால் சுவரில் முகம் தெரியும் பளபளப்பு வரும்.

பிரிட்டிஷ் காலத்தில் பரவிய மட்டப்பா தளமும் இதே கைகளின் வேலை. தேக்குச் சட்டங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்துக்கல்லாக, மூலைவாட்டில் வரிசையாக நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைப்பார்கள். மேலே உடைசெங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். அதன்மேல் தட்டோடு. நம் வட்டாரத்துப் பழைய வீடுகளிலும் அலுவலகங்களிலும் தலைக்குமேல் இருப்பது அந்தப் பெண்களின் உழைப்பு.

இதை நான் விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவர் வழியாக வெளியேறிவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும், சில ஆண்டுகளில் சிமெண்டுப் பூச்சு பழைய சுவரையும் பிய்த்துக்கொண்டு விழும். அவசரத்துக்குச் சிமெண்டு பூசுவது பழுதுபார்ப்பு ஆகாது. சுண்ணாம்பு இறுகுவதற்குக் காலம் கேட்கும். அந்தக் காலத்தை நாம் கொடுக்க வேண்டும்.

பிற ஊர்கள் செய்தது

அமெரிக்காவில் மாவட்டத்துக்கு ஒரு நீதிமன்றக் கட்டடம் ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் நிற்கும். பல இடங்களில் அதன் உச்சியில் கடிகாரக் கோபுரம், சுற்றிலும் கடைவீதி. நம் ஊரில் கோயில் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் அங்கே கோர்ட்டுக்கு. டெக்சாஸ் மாநிலத்தில் 254 கவுண்டிகள். பராமரிப்பின்றிப் பழைய நீதிமன்றங்கள் சிதைந்துவருவதைக் கண்ட அந்த மாநிலம், அவற்றைச் சீரமைப்பதற்கென்றே 1999இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மாநில நிதியோடு உள்ளூர் நிதியும் சேர்ந்தது. சீரமைத்த கட்டடங்களில் பலவற்றில் வழக்குகள் தொடர்ந்து நடக்கின்றன.

நம் மாநிலத்திலேயே சென்னை உயர் நீதிமன்றம் இருக்கிறது. 1862இல் நிறுவப்பட்டு, 1892இல் இன்றைய செந்நிறக் கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. பிராசிங்டன் தொடங்கிய வடிவமைப்பை ஹென்றி இர்வின் நிறைவு செய்தார். கட்டியெழுப்பியவர் நம்மவரான தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டி. அதன் உயர்ந்த கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கும் எரிந்தது. 1914 செப்டம்பரில் எம்டன் கப்பல் சுட்ட குண்டுகளில் ஒன்று அந்த வளாகத்தைத் தொட்டது. அதற்கான நினைவுக்கல் அங்கே இருக்கிறது. மதுரை மகாலைச் செப்பனிட்ட சிசோம் சென்னையில் இந்தோ-சாரசெனிக் பாணியை வளர்த்தவர்களில் முன்னோடி. வளைவும் குவிமாடமும் கொண்ட அந்தப் பாணியில்தான் உயர் நீதிமன்றம் எழுந்தது. நம் ஊர் மகாலில் நாம் காணும் வளைவுக்கும் சென்னை உயர் நீதிமன்றத்தின் வளைவுக்கும் நடுவே ஓர் உறவு ஓடுகிறது.

பக்கத்திலேயே இன்னொரு முன்மாதிரி உண்டு. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த ராஜபாளையம் பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்தார். இன்று அது காந்தி கலை மன்றம். தனிமனிதர் தம் வீட்டைப் பொதுவாக்கிய வட்டாரம் இது. ஏற்கெனவே பொதுவாகிவிட்ட ஓர் அரண்மனையின் நினைவைக் காப்பது நமக்குக் கடினமாகாது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, மகாலில் எந்தச் சீரமைப்பு வேலை நடந்தாலும் அதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளந்து வரைபடமாக்க வேண்டும். எது நாயக்கர் காலத்தது, எது கோர்ட்டுக் காலத்தது என்று அதில் குறிக்க வேண்டும். கோர்ட்டுக்காகச் செய்த மாற்றங்களில் கட்டடத்துக்குக் கேடு தருபவற்றை அகற்றலாம். கேடு தராதவற்றில் சிலவற்றையாவது விளக்கப் பலகையோடு அப்படியே விட வேண்டும். 1966ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொல்பொருள் சின்னங்கள் சட்டம் கட்டடத்தைக் காக்கும் அதிகாரத்தைத் துறைக்குத் தந்திருக்கிறது. எதை நினைவுகூர வேண்டும் என்று கேட்கும் பொறுப்பு ஊராருடையது.

இரண்டாவது, நினைவுகள். மகாலில் வேலை பார்த்த குமாஸ்தாக்கள், அமீனாக்கள், டைப்பிஸ்டுகள், பத்திர எழுத்தர்கள், வாதாடிய வழக்கறிஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எந்த மூலையில் நீதிபதி அமர்ந்தார், ரிக்கார்டு ரூம் எது, நாசர் பிரிவு எங்கே இருந்தது, ஏலம் எந்த இடத்தில் கூறினார்கள் என்பதெல்லாம் அவர்கள் நெஞ்சில்தான் இருக்கிறது. இங்கே அமர்ந்திருக்கும் சட்டக் கல்லூரி, வரலாற்றுத் துறை மாணவர்கள் ஆளுக்கொரு மூத்தவரைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். அவர்களை மகாலுக்கே அழைத்துச் சென்று இடத்தைக் காட்டச் சொல்லிப் பதிவு செய்தால் இன்னும் சிறப்பு.

மூன்றாவது, காகிதங்கள். காலம் கடந்த கோர்ட்டு ஆவணங்களை அழிப்பதற்கு 1917ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் உண்டு. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது என்பது நியாயம். அழிப்பதற்கு முன், கண்மாய் வழக்குகள், கோயில் வழக்குகள், நெசவாளர் கடன் வழக்குகள், பெண்களின் சொத்து வழக்குகள் என்று வகைக்குச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். வழக்கறிஞர் சங்கத்தினர் இதை உயர் நீதிமன்றத்தின் கவனத்துக்குக் கொண்டு செல்ல வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

நான்காவது, கைவினை. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவருகிறார்கள். மகாலில் நடக்கும் பணியைப் பயிற்சிக் களமாக்கி உள்ளூர் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தால், இந்த மாவட்டத்துக் கோயில்களுக்கும் சத்திரங்களுக்கும் பழைய வீடுகளுக்கும் அந்தக் கை உதவும்.

ஐந்தாவது, புதிய கோர்ட்டு. இன்றைய வளாகத்தில் அறைகள் மிகுதி, வசதிகளும் மிகுதி. நீதிமன்றம் கட்டுகிறவர்கள் காத்திருப்பவரை முதலில் எண்ணிக் கட்டுங்கள் என்று பொறியாளர்களை வேண்டுகிறேன். உட்காரப் பலகை, குடிநீர், பெண்களுக்கு ஒதுக்கிடம், கைக்குழந்தையோடு வருபவருக்கு நிழல், காது மங்கிய முதியவருக்கும் எட்டும்படி பெயரைக் கூப்பிட ஒலிபெருக்கி: இவையும் நீதி வழங்குவதில் சேரும்.

ஆண்டுக்கு ஒருமுறை, தொல்லியல் துறையின் அனுமதியோடும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் துணையோடும், மகாலில் ஒரு சட்ட விழிப்புணர்வு முகாம் நடக்கட்டும். 1987ஆம் ஆண்டுச் சட்டம் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. அந்த உரிமையைச் செண்பகத்தோப்பிலிருந்து வரும் பளியர் குடும்பத்துக்கும் மில் தொழிலாளிக்கும் தமிழில் எடுத்துச் சொல்ல நாயக்கர் மகாலைவிடத் தகுந்த மண்டபம் இந்த மாவட்டத்தில் இல்லை. இந்த அறக்கட்டளை அதற்கான முதல் கடிதத்தை எழுத முன்வர வேண்டும். அந்தக் கடிதத்தில் முதல் கையெழுத்துப் போட நான் அணியமாக இருக்கிறேன். இந்த அவையில் உள்ள ஒவ்வொருவரும் அடுத்த கையெழுத்தைப் போட வேண்டுமென வேண்டுகிறேன்.